பாலக்காட்டு எல்லையிலிருந்து வெளிநாடு: முதல் தடவை கிளம்புகிறவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறை, வண்டித்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கத்திலிருந்து முதல் தடவையாக வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். விசா, மெடிக்கல், டிக்கெட், சம்பளம் பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். போன இடத்தில் எப்படி ஒட்டிக்கொள்வது என்று கேட்டால் மட்டும் "போனா பழகிரும்" என்று முடித்துவிடுவார்கள்.

எல்லோருக்கும் பழகிவிடுவதில்லை. ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். நல்ல கைத்தொழில் தெரிந்தவர்கள் ஆறு மாதத்தில் திரும்பி ஓடியதையும், சுமாரான ஆட்கள் வேர் பிடித்து நின்றதையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சுபாவமும், வேற்று மனிதரோடு பழகும் திறமையும்தான் அந்த வித்தியாசத்தை உண்டாக்கின. சுபாவத்தை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. ஆனால் அது எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டால் அதற்குத் தக்க ஏற்பாடு செய்துகொள்ளலாம். பழகும் திறமையைக் கற்றுக்கொள்ளவே முடியும்.

முதல் வேலை: உங்கள் சுபாவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நெதர்லாந்தைச் சேர்ந்த வான் டெர் ஸே, வான் அவ்டன்ஹோவன் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டுவாக்கில் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். வேற்றுப் பண்பாட்டில் போய் வேலை செய்கிறவருக்கு எந்தக் குணங்கள் கைகொடுக்கும் என்று பார்ப்பதற்கானது அது. அவர்கள் ஐந்து குணங்களைச் சொன்னார்கள்: எதிராளி நிலையில் நின்று உணர்வது, முன்முடிவு இல்லாமல் பார்ப்பது, தானாகப் போய்ப் பேசுவது, நெருக்கடியில் பதறாமல் இருப்பது, திட்டம் மாறினால் வளைந்துகொடுப்பது.

கேள்வித்தாள் தேடி அலைய வேண்டாம். இந்த மாதிரி யோசித்துப் பாருங்கள். வாளையாறில் பஸ் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? டிரைவரைத் திட்டுவீர்களா, பக்கத்து சீட்டுக்காரரோடு பேச ஆரம்பிப்பீர்களா, ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குவீர்களா? அறிமுகமில்லாத கல்யாணப் பந்தியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவீர்களா, தெரிந்த முகம் வரும்வரை வாசலில் நிற்பீர்களா? வீட்டில் குழம்பு ருசி மாறினால் பேசாமல் சாப்பிட்டு எழுவீர்களா? இதற்கெல்லாம் நீங்களே பதில் சொல்லாதீர்கள். அம்மாவிடமோ, மனைவியிடமோ, கூடப் படித்த நண்பரிடமோ கேளுங்கள். நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் பவுடர் பூச்சு இருக்கும்.

இந்த ஐந்தில் மக்கள் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்வது பேச்சுத் துணிச்சலைத்தான். வாயாடியாக இருந்தால் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான் என்பது ஊர் நம்பிக்கை. பாதிதான் சரி. தானாகப் போய்ப் பேசுகிறவருக்குத் தொடர்புகள் சீக்கிரம் கிடைக்கின்றன என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் காலீன் வார்டும் அவரோடு சேர்ந்த ஆய்வாளரும் 1997இல் சிங்கப்பூரில் வாழ்ந்த அமெரிக்கர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. கலகலப்பில் சிங்கப்பூர்க்காரர்களை ஒட்டி இருந்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவு. அவர்களிடமிருந்து ரொம்பத் தள்ளி இருந்தவர்களுக்குக் கூடுதல். அதாவது குணம் மட்டும் போதாது, போகிற ஊரோடு அது பொருந்தவும் வேண்டும். அளந்து பேசுகிற ஊருக்குப் போகும் கலகலப்பான ஆள், தன்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்று நினைத்துச் சுருங்கிப் போவார். கூச்ச சுபாவக்காரர் அதே ஊரில் நிம்மதியாக இருப்பார்.

ஆகவே ஏற்பாடு இப்படி. கலகலப்பான ஆள் என்றால் வாரத்துக்கு ஒரு நாளாவது பேச்சுக்குப் பஞ்சமில்லாத இடத்தைக் கண்டுபிடித்து வையுங்கள்: கிரிக்கெட் டீம், கோயில், பள்ளிவாசல், சர்ச், எதுவானாலும் சரி. கூச்சக்காரர் என்றால் ஒரே ஒரு ஆளோடு நன்றாகப் பழகுங்கள். கூட்டத்தில் சமாளிக்கும் பொறுப்பை அவரே பாதி எடுத்துக்கொள்வார். சட்டென்று பதறுகிறவர் என்றால் தூக்கம், சாப்பாட்டு நேரம், நடைப்பயிற்சி மூன்றையும் முதல் நாளிலிருந்தே ஒழுங்குபடுத்துங்கள். பதற்றம் முதலில் தூக்கத்தில்தான் கை வைக்கும்.

எல்லை நமக்குக் கொடுத்திருப்பது

நாம் வெறுங்கையோடு போகவில்லை. பொள்ளாச்சி பஸ்ஸில் ஒரு பேச்சு, பாலக்காடு பஸ்ஸில் ஒரு பேச்சு. ரேஷன் கார்டு மலையாளத்தில், கல்யாணப் பத்திரிகை தமிழில். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி நாம் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் வில்லேஜ் ஆபீசில் காரியம் நடக்க மலையாளத்தில் பேசுவதே வேகம் என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். யாரிடம் எப்படிப் பேசினால் வேலை ஆகும் என்ற இந்த மூக்கு, சென்னையில் வளர்ந்தவருக்கோ திருச்சூரில் வளர்ந்தவருக்கோ இவ்வளவு இளம் வயதில் வாய்ப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சித்தூரில் கும்ப மாதம் கொங்கன் படை என்ற திருவிழா நடக்கும். கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த அரசனைப் பகவதி வீழ்த்திய கதை அது. கொங்குத் தமிழ் பேசுகிற வீடுகளிலிருந்தும் குழந்தைகுட்டியோடு போய் நின்று பார்க்கிறோம். நம் பக்கத்து ராஜா தோற்கிறார். யாரும் முகம் சுளிப்பதில்லை. அடுத்தவர் கதையில் நாம் எதிரியாக வந்தாலும் பொறுமையாக நின்று கேட்கும் பழக்கம் சாமானியமானதல்ல.

ஆனால் இந்தக் கையிருப்பில் ஒரு குறை இருக்கிறது. இங்கே எவ்வளவு மாறினாலும் ராத்திரிக்குள் வீடு வந்துவிடலாம். மலையாளமும் தமிழும் சாப்பாட்டிலும் உறவுமுறையிலும் சாமியிலும் பாதிக்குமேல் ஒன்று. அதனால் மொழி புரிந்தாலே மனிதரும் புரிந்துவிட்டார் என்று நினைக்கும் வழக்கம் நமக்கு வந்துவிடுகிறது. ஜெர்மனியிலோ ரியாத்திலோ அது உதவாது.

2003இல் ஏர்லி, சூன் ஆங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பண்பாட்டு அறிவுத்திறன் என்ற கருத்தைக் கொண்டுவந்தார்கள். பின்பு அதை நான்காகப் பிரித்து அளந்தார்கள்: அந்த ஊர் வழக்கங்களைத் தெரிந்திருப்பது, தெரிந்துகொள்ளும் ஆசை, இடத்துக்குத் தக்கபடி நடந்துகொள்வது, இவற்றுக்கெல்லாம் மேலே நின்று "நான் நினைத்தது சரிதானா" என்று சரிபார்ப்பது. எல்லைப் பிள்ளைகளுக்கு மூன்றாவது ரத்தத்தில் இருக்கிறது. நான்காவதில்தான் சறுக்குவோம், சரளமாகப் பேசுகிறவர் சரிபார்க்க நிற்பதில்லை.

கிளம்புவதற்கு முந்தைய மாதங்கள்

ஒரு நோட்டு வாங்கி மூன்று பகுதியாகப் பிரியுங்கள்: தினசரி வாழ்க்கை, வேலை, மனிதர்களோடு பழகுவது. 1980களின் கடைசியில் ஸ்டுவர்ட் பிளாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் பிரித்தது இப்படித்தான். ஒருவர் வேலையில் அருமையாகப் பொருந்தி, சாப்பாட்டில் திண்டாடலாம். அல்லது கடைத்தெருவெல்லாம் அத்துப்படியாகி, ஒரு நண்பர்கூட இல்லாமல் இருக்கலாம். தனித்தனியாகப் பார்த்தால்தான் எங்கே கை போட வேண்டும் என்று தெரியும்.

தினசரி வாழ்க்கைப் பகுதியில் எழுத வேண்டியவற்றுக்கு ஒரு மாதிரி தருகிறேன். யு.ஏ.இ. போகிறவர் பெட்டியில் கசகசா இருக்கக் கூடாது. அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். அம்மா அன்போடு அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியிலும் அது இருக்கும், கேட்டுப் பாருங்கள். டிரமடால், கோடீன் கலந்த மாத்திரை மருந்துகளுக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு உண்டு. தேவைப்பட்டால் டாக்டர் சீட்டோடு முன் அனுமதி வாங்க வேண்டும். 2022 ஜனவரி முதல் அங்கே அரசு வார விடுமுறை சனி, ஞாயிறு; வெள்ளி அரை நாள். ஷார்ஜாவில் மட்டும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அரசு விடுமுறை. ரம்ஜான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இருப்பது மரியாதை. ஜெர்மனி போகிறவர் எழுத வேண்டியது வேறு: ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும், குப்பையை வகைவகையாகப் பிரித்துப் போட வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது.

மொழி விஷயத்தில் ஒரு சொந்த அபிப்பிராயம். வளைகுடா போகிறவர்கள் அரபி கற்கும் முன் பேச்சு இந்தி கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். யு.ஏ.இ.யில் குடிமக்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். தினமும் நீங்கள் பார்க்கும் முகங்கள் பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவை. சைட்டிலும் டாக்சியிலும் அதிகம் ஓடுவது இந்தி-உருதுதான். இந்தித் திணிப்பு அரசியல் வேறு, பட்டான் டிரைவரிடம் வழி கேட்பது வேறு. ஜெர்மனிக்கு நர்ஸாகப் போகிறவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் வழியாக நடக்கும் ட்ரிப்பிள் வின் என்ற நர்ஸ் வேலைத் திட்டத்தில் பி1 என்ற நடுத்தர நிலை ஜெர்மன் இங்கேயே படித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அப்புறம் காகிதங்கள். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற முத்திரை இருக்கும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அடங்கிய 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாக அனுமதி பெற வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்பதையும் அதே தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டில் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் உண்டு. வேலை ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

சுபாவம் பற்றிப் பேசும் கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. ஊரில் சொல்வது ஒரு சம்பளம், போனபின் கொடுப்பது ஒரு சம்பளம் என்றால், அங்கே உங்கள் பொறுமைக்குப் பெயர் ஒத்துப்போகும் திறமை அல்ல. முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது யு.ஏ.இ.யிலும் சவூதியிலும் சட்டப்படி தப்பு. யு.ஏ.இ.யில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. "இங்கே அப்படித்தான், அனுசரித்துப் போ" என்று சீனியர்கள் சொல்வதில் எது அந்த ஊர் வழக்கம், எது ஏமாற்று என்று பிரிக்கத் தெரிய வேண்டும். ஏமாற்று என்றால் இந்தியத் தூதரகமும், வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்ற புகார்த் தளமும் இருக்கின்றன.

முதல் மூன்று மாதம்

நார்வேயின் லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர், அமெரிக்கா போய்த் திரும்பிய நார்வேக்காரர்களிடம் விசாரித்து 1955இல் ஒரு வளைவை வரைந்தார். முதலில் உற்சாகம், பிறகு சரிவு, அப்புறம் மெல்ல ஏற்றம். பின்னால் வந்த ஆய்வுகள், இது எல்லோருக்கும் பொருந்தாது, பலருக்கு முதல் வாரங்களே மோசமானவை என்று காட்டின. ஆகவே போன மறுநாளே அழுகை வந்தாலும் பயப்பட வேண்டாம். மூன்றாம் மாதம் வந்தாலும் பயப்பட வேண்டாம்.

அடையாளங்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960இல் எழுதியது இன்றைக்கும் செல்லும்: அடிக்கடி கை கழுவுவது, குடிநீர், சாப்பாடு, படுக்கை பற்றி அளவுக்கு மீறிய கவலை, சின்னத் தாமதத்துக்கும் பெரிய கோபம், எல்லோரும் ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்ற பயம், ஊருக்குப் போய்விட வேண்டும் என்ற தவிப்பு. நம் ஆட்களிடம் நான் கூடுதலாகப் பார்த்த ஒன்று உண்டு. அந்த நாட்டுக்காரர்களை ஒட்டுமொத்தமாக "இவனுக" என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். உங்கள் வாயில் அது வர ஆரம்பித்தால் கொஞ்சம் கவனியுங்கள்.

இந்த நாட்களில் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள். வீட்டுக்குப் பேச நேரம் குறித்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க வீடியோ காலில் இருந்தால் உடம்பு அங்கேயும் மனசு தத்தமங்கலத்திலும் கிடக்கும். அதற்காகப் பேசாமலும் இருக்கக் கூடாது. வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டபின் அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் நிம்மதி. வாரம் ஒருமுறை ஒரு புதிய சின்ன காரியம் செய்யுங்கள்: தனியாகப் பஸ்ஸில் போய்வருவது, பேர் தெரியாத ஒரு ரொட்டியை வாங்கித் தின்பது, முடிதிருத்தும் கடைக்குப் போவது. சிரிப்பாக இருக்கும். ஆனால் "இந்த ஊரில் என்னால் முடியும்" என்ற தைரியம் இப்படிச் சில்லறையாகத்தான் சேர்கிறது.

தீர்ப்பைத் தள்ளிப் போடும் பயிற்சி

எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான், இதற்கு எந்தச் சுபாவமும் தடையில்லை. ஏதாவது நடந்து மனம் சுருக்கென்றால், மூன்று கேள்வி. நான் கண்ணால் பார்த்தது என்ன? அதற்கு என்னென்ன அர்த்தம் இருக்கலாம்? அதில் எனக்கு எது பிடிக்கவில்லை? இந்த வரிசையில்தான் கேட்க வேண்டும். நாம் வழக்கமாக மூன்றாவதிலிருந்து ஆரம்பிப்போம்.

ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன் போனில் கொதித்தான். "அண்ணா, அந்த மேனேஜருக்கு என்னையப் புடிக்கலைங்க. எல்லார் முன்னாடியும் 'இது தப்பு, திரும்பச் செய்'ன்னு சொல்லிட்டாருங்க."

"சரி, உன்னைச் சொன்னாரா, வேலையைச் சொன்னாரா?"

கொஞ்சம் யோசித்தான். "வேலையத்தானுங்க."

"மத்தவங்களுக்கும் அப்படித்தான் சொல்றாரா?"

"பக்கத்து சீட்டு ஆளையும் சொன்னாருங்க. அவன் கண்டுக்கவே இல்லீங்க. மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறாங்க."

அவனுக்கே விளங்கிவிட்டது. நம் ஊரில் பெரியவர் நான்கு பேர் முன்னால் தப்பு என்று சொன்னால் அது மானப்பிரச்சினை. அங்கே அது வேலையைப் பற்றிய ஒரு தகவல், அவ்வளவே. நேர்மாறாக வளைகுடாவில், டீ வந்து, குடும்ப நலமெல்லாம் விசாரித்தபிறகு கடைசியில் விஷயத்துக்கு வரும் மேலாளர்கள் இருப்பார்கள். அதை நேர விரயம் என்று நினைத்து நேரே ஃபைலைத் திறந்தால் நாம்தான் முரடராகத் தெரிவோம்.

இந்தப் பயிற்சி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும்: நம்மை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று யோசியுங்கள். நாம் "ஆகட்டும்" என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். வெளிநாட்டவர் பலர் அதை "இல்லை" என்றோ "தெரியாது" என்றோ எடுத்துக்கொள்வார்கள். கிரேன் ஆபரேட்டரிடம் தலையாட்டினால் ஆபத்தே வந்துவிடும். வாய்விட்டுச் சொல்லுங்கள். புரியாததைப் புரிந்தது என்று சொல்லும் நம் மரியாதையையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்பதால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப் போவதில்லை.

யாரோடு பழகுவது

எல்லைக்காரர்களுக்கு வெளிநாட்டில் இரட்டை அதிர்ஷ்டம். ஓணத்துக்கு மலையாளி சங்கத்தில் இலை போடுவார்கள், பொங்கலுக்குத் தமிழ்ச் சங்கத்தில். புதுநகரம் ராவுத்தர் ஒருவர் எனக்குத் தெரியும். வீட்டில் தமிழ், மெஸ்ஸில் மலையாளம், பள்ளிவாசலில் உருதுக்காரர்களோடு தோள் உரசி நிற்பார். மூன்று வட்டத்திலும் அவருக்கு ஆள் உண்டு.

ஆனால் இரண்டு வட்டம் இருப்பதாலேயே மூன்றாவதைத் தேடாமல் இருந்துவிடும் ஆபத்தும் நமக்கு அதிகம். கனடாவின் ஜான் பெர்ரி என்ற உளவியலாளர், குடியேறியவர்கள் நான்கு வழிகளில் போவதைச் சொல்கிறார்: தன்னுடையதை வைத்துக்கொண்டே புதியவரோடும் கலப்பது, தன்னுடையதை விட்டுவிட்டுக் கலப்பது, கலக்காமல் தனித்திருப்பது, இரண்டிலும் ஒட்டாமல் போவது. பொதுவாக முதல் வழியில் போகிறவர்களே நன்றாக இருக்கிறார்கள். ஆகவே அறையில் நம் ஆட்கள் இருக்கட்டும். சாப்பாட்டு மேஜையில் வாரம் இரண்டு நாளாவது வேறு நாட்டுக்காரர் பக்கத்தில் உட்காருங்கள். பேச விஷயம் இல்லையே என்றால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள், எந்த நாட்டிலும் செல்லும். முதலமடை மாம்பழத்தைப் பற்றி ஒரு பங்களாதேஷ்காரரிடம் பெருமையடித்துப் பாருங்கள், ராஜ்சாகி மாம்பழத்துக்காக அவர் சண்டைக்கே வருவார். அன்றிலிருந்து அவர் உங்கள் நண்பர்.

குடும்பத்தோடு போனால்

வேலைக்குப் போகிறவருக்கு அலுவலகம் ஒரு கூரை கொடுத்துவிடுகிறது. கூடப் போகும் மனைவிக்கோ கணவருக்கோ அது இல்லை. துணைவர் ஒத்துப்போகாவிட்டால் வேலைக்குப் போனவரும் ஒத்துப்போவதில்லை என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. ஷார்ஜா ஃபிளாட்டில் நாள் முழுக்க நான்கு சுவருக்குள் இருக்கும் பெண்ணுக்கு, போன முதல் மாதமே ஏதாவது வகுப்போ, வேலைத் தேடலோ, பக்கத்து வீட்டுத் தோழமையோ ஏற்பாடு செய்யுங்கள். மேலே சொன்ன நோட்டில் அவருக்கும் தனியாக மூன்று பக்கம் இருக்க வேண்டும். அதை அவரே எழுத வேண்டும்.

திரும்பி வரும்போது

ஊருக்கு வந்தபின்னும் ஒரு சரிவு உண்டு என்று கல்லஹார்ன் தம்பதியர் 1963இலேயே எழுதினார்கள். டீக்கடையில் உங்கள் இடம் போயிருக்கும், பேச்சு மாறியிருக்கும். வரிசையில் நிற்காதவர்களைப் பார்த்து எரிச்சல் வரும். அதே மூன்று கேள்வியை இங்கேயும் கேளுங்கள். முதல் மூன்று மாதத்தில் தோட்டம் வாங்குவது, கடை வைப்பது மாதிரிப் பணம் போடும் முடிவுகளைத் தள்ளிப் போடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கேரளப் பக்கத்துக்காரர்கள் கேரளப் பிரவாசி நலவாரியத்தில் 18 வயது முதல் 60 வயதுக்குள் சேரலாம். குறைந்தது 5 ஆண்டு சந்தா கட்டியிருந்தால் 60க்குப் பிறகு ஓய்வூதியம் கிடைக்கும். தமிழ் பேசுகிறவர் என்பதால் தடை ஒன்றும் இல்லை. கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் வீடு இருக்கிறவர்கள் அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். ஆதார் எந்த மாநில முகவரியில் இருக்கிறது என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். எல்லையில் ஒரு வீட்டிலேயே அண்ணனுக்கு ஒன்றும் தம்பிக்கு ஒன்றுமாக இருப்பதுண்டு.